ஸ்லிப்பில் நிற்பவன்

2015 ஆகஸ்டில் இலங்கையின் காலி மைதானத்தில் அஜிங்க்ய ரஹானே ஒரே டெஸ்டில் எட்டு கேட்ச் பிடித்தார். முதல் இன்னிங்ஸில் மூன்று, இரண்டாவதில் ஐந்து. கீப்பர் அல்லாத எவரும் அதுவரை ஏழைத் தாண்டியதில்லை. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரம் ஒன்பது பிடித்து அதை முந்திவிட்டார். இருந்தாலும் திருச்சியில் பையன்களுக்கு ஸ்லிப் கற்றுத்தரும் நான் போட்டுக் காட்டுவது காலி டெஸ்டைத்தான். அதில் நம் அஸ்வின் பத்து விக்கெட் எடுத்தார். இந்தியா 63 ரன்னில் தோற்றது.

கேட்சைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய அரை நொடியைப் பாருங்கள் என்பேன். சுழற்பந்துக்கு நிற்பவன் செய்யும் பெரும் பிழை, பந்து தரையில் குத்தும்போதே நிமிர்ந்துவிடுவது. நிமிர்ந்தவன் மறுபடி குனிவதற்குள் பந்து முழங்காலுக்குக் கீழே போய்விடும். தாழ்ந்தே இருப்பவன் எந்த உயரத்துக்கும் பந்தோடு சேர்ந்து எழலாம்.

இதைப் பழக்க, ஸ்ரீரங்கத்தை ஒட்டிய கொள்ளிட மணலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கால் சற்றுப் புதைவதால், அவசரப்பட்டு நிமிர நினைத்தாலும் உடம்பு விடாது. பாய்ந்து விழுந்தாலும் முழங்கை உரியாது. நனைத்த டென்னிஸ் பந்தில் தொடங்கி ஸ்டிச் பாலுக்கு வருவோம். சித்திரை மாதத்தில் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

கைகளைப் பற்றிப் பேச, வீடு கட்டும் இடத்துக்கு அழைத்துப் போவேன். கீழே இருப்பவர் செங்கலை வீச, சாரத்தில் நிற்பவர் வாங்குவார். செங்கல் தொட்ட கணமே கை பின்வாங்கத் தொடங்கிவிடும்; வேகம் கையோடு கரையும். எதிர்த்துப் பிடித்தால் தோல் போய்விடும். அமெரிக்கக் கால்பந்தில், வீசப்படும் பந்தை ஓடிப் பிடிப்பதில் உச்சம் தொட்ட ஜெர்ரி ரைஸுக்கும் கை பழகியது இப்படித்தான். மிசிசிப்பியில் அவர் அப்பா கொத்தனார். சகோதரர்கள் எறியும் செங்கலைப் பிடிப்பது ரைஸின் சிறுவயது வேலை. பிறகு தொழில்முறை ஆட்டத்தில் 1,549 முறை பந்தைப் பிடித்து 22,895 கெஜம் சேர்த்தார். அந்தக் கணக்கை இன்னும் யாரும் எட்டவில்லை. சாரத்தில் நிற்கும் அந்த மனிதரிடம் நின்று பேசிவிட்டு வரச் சொல்வேன். என்னைவிட அவருக்குத் தெரியும்.

இன்னொரு பாடம் இங்கிலாந்துக்கு எதிரான 1971 ஓவல் டெஸ்ட். வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் தடுத்தாட, ஷார்ட் லெக்கில் ஏக்நாத் சோல்கர் முன்னால் பாய்ந்து பிடித்தார். ஹெல்மெட் இல்லாத காலம். 27 டெஸ்டில் 53 கேட்ச் அவருக்கு. கல்லியில் நின்ற வெங்கட்டே 57 டெஸ்டில் 44 பிடித்தவர். பிடிப்பவனின் அருமை தெரிந்த பௌலர். சோல்கர் அங்கே இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் வெங்கட்டால் அப்படிப் போட முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வராது.

நம் உள்ளூர் ஆட்டங்களிலோ ஸ்லிப்பை ஓவருக்கு ஓவர் மாற்றுகிறார்கள். களைத்த பௌலர் ஓய்வெடுக்கும் இடமாகவும் அது ஆகிவிட்டது. கேப்டன்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கை நன்றாக இருக்கும் ஒரு பையனைத் தேர்ந்தெடுங்கள், சீசன் முழுக்க அவனையே அங்கே நிறுத்துங்கள். இரண்டு கேட்சை விட்டாலும் மாற்றாதீர்கள்.