பிரெடாப்பியோ: ஒரு சர்வாதிகாரியின் சொந்த ஊர்

இத்தாலியின் ரோமாஞ்ஞா பகுதியில், ஃபோர்லி நகரிலிருந்து ரபி ஆற்றையொட்டித் தெற்கே 15 கிலோமீட்டர் அளவில் போனால் பிரெடாப்பியோ வரும். சுற்றிலும் சாஞ்சியோவேசே திராட்சைத் தோட்டங்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 6,000தான். ஆனால் அகன்ற சாலை, பெரிய சதுக்கம், கோபுரம் வைத்த பாசிசக் கட்சி மாளிகை என்று எல்லாமே ஊருக்குப் பொருந்தாத அளவில் நிற்கின்றன. காரணம், இது பெனிட்டோ முசோலினி பிறந்த இடம். மலைமேல் இருந்த பழைய ஊர் மண்சரிவில் சேதமடைந்ததும், அதைச் சாக்காக வைத்து, அவர் பிறந்த தோவியா என்ற சிற்றூரைச் சுற்றி 1925இல் புது ஊருக்கு அடிக்கல் நாட்டினார்கள். தலைவர் பிறந்த வீட்டைத் தரிசிக்க ஜனங்கள் வர வேண்டும் என்பதுதான் திட்டம்.

அந்த வீடு எளிய கல்வீடு. 1883 ஜூலை 29 அன்று முசோலினி அங்கே பிறந்தார். அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ இரும்புப் பட்டறை வைத்திருந்தார், தீவிர சோஷலிஸ்ட். மெக்சிகோவின் பெனிட்டோ ஹுவாரெஸ், இத்தாலியப் புரட்சிக்காரர்கள் அமில்காரே சிப்ரியானி, அந்திரேயா கோஸ்தா ஆகிய மூவர் பெயரையும் மகனுக்குச் சூட்டினார். அம்மா ரோசா மால்தோனி பக்தியுள்ள கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியை. அவர் பாடம் நடத்திய வரானோ மாளிகைதான் இன்றைய நகராட்சி அலுவலகம்.

பையன் முரடன். ஃபாயென்சாவின் கிறித்தவ விடுதிப் பள்ளியில் சக மாணவனைக் கத்தியால் குத்தினான். ஆனாலும் படித்து, 1901இல் ஆசிரியர் பட்டயம் வாங்கினான். வயலின் வாசிப்பான்.

மனைவி ராக்கேலே குய்தியும் இந்த ஊர்ப் பெண்தான், ரோசாவிடம் படித்தவர். 1905இல் ரோசா இறந்தபின், அலெஸ்ஸாண்ட்ரோவும் ராக்கேலேயின் தாயும் ஃபோர்லியில் சேர்ந்து ஒரு மதுக்கடை நடத்தினார்கள். பெண் தர மறுத்தபோது முசோலினி துப்பாக்கியைக் காட்டி, அவளையும் சுட்டுத் தானும் சாவேன் என்று மிரட்டியதாக ராக்கேலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் காதல் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் பழகிய அந்த மிரட்டலைத்தான் பிறகு ஒரு தேசத்தின் மீது பிரயோகித்தார்.

ஈடா தால்சரின் கதையைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். திரென்தோ பக்கத்துப் பெண், முசோலினியின் காதலி. மிலானில் அழகு நிலையம் நடத்தினார். முசோலினியின் பத்திரிகைக்காகத் தன் சொத்தை விற்றுப் பணம் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1915 நவம்பரில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பெனிட்டோ அல்பினோ என்று பெயர். அடுத்த மாதமே முசோலினி ராக்கேலேயைச் சட்டப்படி மணந்தார். தானே முறையான மனைவி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த ஈடாவை 1926இல் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். 1937இல் வெனிஸின் சான் கிளமெந்தே தீவுக் காப்பகத்தில் இறந்தார். மகனையும் விட்டுவைக்கவில்லை, மிலானுக்கு அருகே மொம்பெல்லோ காப்பகத்தில் 1942இல், 26 வயதில் இறந்தான். ராக்கேலே பெற்ற மூத்த மகள் எத்தாவின் கணவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான சியானோ, 1944 ஜனவரியில் வெரோனாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள் மன்றாடியும் தகப்பன் அதைத் தடுக்கவில்லை.

ஊர்க் கோடியில் சான் கசியானோ கல்லறைத் தோட்டம். அங்கே நிலவறையில் குடும்பமே உறங்குகிறது: பெற்றோர், ராக்கேலே, 1941இல் விமான விபத்தில் இறந்த மகன் புருனோ, ஜாஸ் பியானோக் கலைஞராகப் பெயரெடுத்த கடைசி மகன் ரொமானோ. முசோலினியின் உடல் இங்கே வந்து சேர 12 ஆண்டுகள் ஆயின. 1945இல் மிலானில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, அடையாளமற்ற குழியில் புதைக்கப்பட்டு, மறு ஆண்டு பாசிச ஆதரவாளர்களால் திருடப்பட்டு, மீட்கப்பட்டபின் ஒரு மடாலயத்தில் ஒளித்துவைக்கப்பட்டு, 1957இல்தான் ஊர் திரும்பியது. சவப்பெட்டிக்கு மேலே கல்லில் செதுக்கிய தலை. பக்கத்தில் வருகைப் பதிவேடு. பதிவேட்டில் புகழுரைகள் இன்றும் நிரம்புகின்றன. ஈடாவுக்கும் மகனுக்கும் அங்கே இடமில்லை.

பிறந்த நாள், இறந்த நாள், 1922இல் முசோலினியின் கறுப்புச் சட்டைப் படையினர் ரோம் நோக்கிப் புறப்பட்ட அக்டோபர் 28 ஆகிய மூன்று நாட்களிலும் கறுப்புச் சட்டைக் கூட்டம் ஊரை நிறைக்கிறது. கடைத்தெருவில் அவர் முகம் போட்ட மது பாட்டில்கள் விற்பனையாகின்றன. உள்ளூர்க்காரர்களோ போருக்குப் பின் 2019 வரை இடதுசாரி மேயர்களையே தேர்ந்தெடுத்தார்கள். வெளியிலிருந்து வருகிற கூட்டத்தை வைத்து அவர்களை எடைபோடுவது அநியாயம்.

அதே அக்டோபர் 28க்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1944இல் பிரெடாப்பியோ நாஜி, பாசிசப் பிடியிலிருந்து விடுதலை பெற்றதாக நினைவுகூரப்படும் நாளும் அதுதான். போலந்துப் படையினர் வந்து மீட்டார்கள். அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், நிலவறைக்குப் போனாலும் போகாவிட்டாலும், அந்த விடுதலை நாளைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அவசியம் கேளுங்கள்.