ஆமைக்கு வழி சொல்லும் பிள்ளைகள்

“ஸர்ஃபும் நஹ்வும் சொல்லிக் கொடுத்துக் காலங்கழிக்கும் தங்களுக்குக் கணிப்பொறியோடு என்ன உறவு?” என்று அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். வினாவில் நியாயம் உண்டு. அரபி வினைச்சொற்களின் வாய்பாடுகளைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவன், இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் கலையைப் பற்றி எழுத முற்படுவது விந்தையாகத்தான் தோன்றும். ஆயினும் கடந்த ஈராண்டுகளாக எங்கள் ஊர் மக்தபின் முற்றத்தில் ஞாயிறுதோறும் நடந்துவரும் ஒரு வகுப்பை அருகிருந்து பார்த்து வருபவன் என்ற முறையில், நேயர்களுக்குச் சொல்லத்தக்கவை சில என்னிடம் உண்டு.

இளஞ்சிறார்க்குக் கணிப்பொறி நிரல் எழுதவும், ரோபோக்களை இயக்கவும் கற்பிப்பது நேற்று முளைத்த வழக்கமன்று. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் 1928-இல் பிறந்த சீமோர் பாப்பர்ட் என்ற கணித அறிஞர், ஜெனீவாவில் குழந்தைகளின் அறிவு வளரும் விதத்தை ஆராய்ந்த பியாஜேயிடம் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். அங்கிருந்த காலத்தில், வாலஸ் ஃபயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து சிறுவர்க்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை 1967-இல் உருவாக்கினார். ‘லோகோ’ என்பது அதன் பெயர். கணிப்பொறி என்பது பேரறிஞர்களுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் மட்டுமே எட்டிய காலம் அது. அக்காலத்தில் அதனைச் சிறுபிள்ளைகள் கையில் கொடுக்க ஒருவர் துணிந்தார் என்றால், அத்துணிவை என்னென்பது!

அம்மொழியின் கட்டளைகளுக்கு அடங்கி நடக்க, தரையில் ஊர்ந்து செல்லும் சிறியதோர் இயந்திரத்தையும் அவர்கள் செய்தனர். அதற்கு ‘ஆமை’ என்று பெயர் சூட்டினர். அதன் வயிற்றில் ஒரு பேனா. ‘முன்னே செல்’ என்றால் செல்லும். ‘வலப்பக்கம் திரும்பு’ என்றால் திரும்பும். சென்ற வழியெல்லாம் கோடு கிழிக்கும். கணிப்பொறி குழந்தையை ஆட்டிவைப்பதா, குழந்தை கணிப்பொறியை ஆட்டிவைப்பதா என்பதே பாப்பர்ட் 1980-இல் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் நூலின் உயிர்நாடியான கேள்வி. அதே கழகத்திலிருந்து 2007-இல் ‘ஸ்கிராட்ச்’ என்னும் இலவச மென்பொருள் வந்தது. வண்ணக் கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கிப் பிள்ளைகள் இன்று அதில் நிரல் எழுதுகின்றனர். இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலேயே இக்கல்வி தொடங்குகிறது. நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையும் நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது.

எங்கள் மக்தபில் வகுப்பை நடத்துபவள் என் தம்பி மகள். பொறியியல் படித்தவள். “பெரியத்தா, முதல் ஒரு மாதத்துக்குக் கணிப்பொறியே வேண்டாம், முற்றமும் சாக்பீஸும் போதும்” என்றாள். ஒரு சிறுவனை ஆமையாக நிறுத்தி, அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். மற்றவர்கள் கட்டளையிட வேண்டும்; ஆமை தன் புத்தியால் எதையும் செய்யலாகாது; சொன்னதை மட்டும் செய்யவேண்டும். இதுவே விதி.

சதுரம் எளிதில் அமைந்தது. பத்தடி முன்னே செல், 90 பாகை வலப்பக்கம் திரும்பு. இவ்வாறு நான்கு முறை. அடுத்து, மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று பள்ளியில் படித்திருந்த பிள்ளைகள், பத்தடி நடந்து 60 பாகை திரும்புமாறு மூன்று முறை ஆணையிட்டனர். கிப்லாவை நோக்கி நடக்கத் தொடங்கிய ஆமை, ஈற்றில் கிழக்கு நோக்கி நின்றது! அதுவும் புறப்பட்ட இடத்திலிருந்து இருபதடி தள்ளி. தரையில் கிடந்ததோ முக்கோணமன்று, பாதி அறுகோணம்.

பிள்ளைகள் திகைத்தனர். என் தம்பி மகள் ‘தவறு’ என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டாள்.

“நீங்கள் சொன்னதை ஆமை செய்ததா?”

“செய்தது, அக்கா.”

“நீங்கள் நினைத்தது நடந்ததா?”

“நடக்கவில்லை.”

“அப்படியானால் சொன்னதற்கும் நினைத்ததற்கும் நடுவே என்ன இருக்கிறது?”

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, தானே ஆமையாகி நடந்து பார்த்தாள். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் சுற்றிப் பழைய இடத்தில் பழைய திசை நோக்கி நிற்பவர், ஒரு முழுச்சுற்று, அதாவது 360 பாகை, திரும்பியிருக்க வேண்டும் என்பது அவள் கால்களுக்கு முதலில் விளங்கிற்று. அறிவுக்குப் பின்னர் விளங்கிற்று. மூன்று திருப்பங்களுக்கு 360 என்றால் ஒன்றுக்கு 120. உள்ளே இருக்கும் கோணம் வேறு, நடப்பவர் திரும்பும் கோணம் வேறு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாமலே அவள் கண்டுகொண்டாள்.

அன்று என்னைக் கவர்ந்தது கணக்கன்று. பாடம் ஒப்பிக்கையில் பிழை நேர்ந்தால் பிள்ளையின் கண்கள் எங்கே செல்லும்? ஆசிரியரின் முகத்துக்குச் செல்லும். முகம் கடுக்கிறதா, கை பிரம்பைத் தேடுகிறதா என்று பார்க்கும். இங்கோ அத்தனை கண்களும் தரையிலிருந்த கோட்டையே நோக்கின. பிழை, வெட்கப்படவேண்டிய குற்றமாக இல்லாமல், அவிழ்க்கவேண்டிய முடிச்சாக அவர்கள் முன் கிடந்தது. குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்பிப்பதன் முதற்பயன் இதுவே என்பது என் துணிபு. நினைத்ததைத் தெளிவாகச் சொல்லப் பழகுவதும், சொன்னதில் உள்ள பிழையை அச்சமின்றித் தேடப் பழகுவதும் எந்தத் தொழிலுக்கும், எந்தக் கல்விக்கும் அடித்தளமாகும்.

அரபி இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வழி அந்நியமன்று. ‘வாவ்’ அல்லது ‘யா’ என்னும் எழுத்து உயிர்க்குறி பெற்று வந்து, அதற்கு முன்னெழுத்து ஃபத்ஹ் பெற்றிருப்பின், அவ்வெழுத்து அலிஃபாக மாறும் என்பது ஸர்ஃபின் விதி. ‘கவல’ என்பது ‘கால’ ஆவதும், ‘பயஅ’ என்பது ‘பாஅ’ ஆவதும் இவ்விதியினால்தான். ‘இன்னது இருந்து, இன்னது முன்னே வந்தால், இன்னவாறு மாற்றுக’ என்னும் இதன் அமைப்பைப் பாருங்கள். நிரல் என்பதும் இதுவேயல்லவா?

மூத்த மாணவன் ஒருவன் இவ்விதியைக் கணிப்பொறிக்குக் கற்பித்தான். சொல்லைக் கொடுத்தால் மாறிய வடிவம் திரையில் தோன்றும். ஒருநாள் ‘அவிர’ என்ற சொல்லை அதற்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணனாதல் என்பது அதன் பொருள். கணிப்பொறி தயங்காமல் ‘ஆர’ என்று மாற்றிவிட்டது. ஆனால் அரபியில் அச்சொல் மாறாமல் ‘அவிர’ என்றே நிற்கும். “ஹஜ்ரத், விதி பொய்யா?” என்று கேட்டான். விதிக்கு இலக்கணிகள் பல நிபந்தனைகளை வகுத்திருக்கின்றனர். உறுப்பின் குறையையும் நிறத்தையும் குறிக்கும் இவ்வகைச் சொற்களுக்கு விலக்கு உண்டு. அந்நிபந்தனைகள் உள்ள பக்கத்தை மாணவர்கள் பெரும்பாலும் தேர்வுக்காக ஒருமுறை ஓதிக் கடந்துவிடுவார்கள். அவனோ கிதாபைத் தூக்கிக்கொண்டு இஷா நேரம்வரை என்னோடு அமர்ந்து ஒவ்வொன்றையும் கேட்டான். புதிய கருவி பழைய நூலின் கதவைத் திறந்ததை அன்று கண்ணாரக் கண்டேன்.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு பெருமையையும் பேசிவிடுதல் நன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரே மேலைநாட்டு நாவில் திரிந்து ‘அல்காரிதம்’ ஆயிற்று. படிப்படியாகக் கணக்கைத் தீர்க்கும் வழிமுறைக்கு இன்று உலகமே அப்பெயரைச் சொல்கிறது. 1206-இல் தியார்பக்கிரில் தம் நூலை முடித்த அல்-ஜஸரி, நீரோட்டத்தால் இயங்கும் இசைக்கலைஞர் பொம்மைகளைப் படகொன்றில் அமைத்தார்; சுழலும் உருளையில் செருகிய முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகள் இசைக்கருவிகளை முழக்கும். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் பாட்டன் கட்டிய கிணற்றின் பெருமையைப் பேசினால் பேரனின் தாகம் தீர்ந்துவிடுமா? அல்-ஜஸரி தம் கருவிகளின் அளவுகளையும் படங்களையும் பிறர் செய்துபார்க்கும்படி எழுதிவைத்தார். செய்துபார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலை எழுதியதன் நோக்கங்களுள் ஒன்று பாகப்பிரிவினைக் கணக்கு. அந்நூலின் பெரும்பகுதி அதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. இது நினைவிலிருந்ததால், ஃபராயிள் கணக்குக்கு நிரல் எழுதுமாறு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். மனைவி இறந்தால், பிள்ளை இருப்பின் கணவனுக்கு நான்கில் ஒன்று. பிள்ளை இல்லையேல் இரண்டில் ஒன்று. இவ்வாறு பங்குகளை வரிசையாக எழுதி முடித்தாள். சோதித்துப் பார்க்க ஒரு கணக்குக் கொடுத்தேன். பிள்ளையோ பெற்றோரோ இல்லாத பெண் இறந்துவிட்டாள். கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் வாரிசுகள். சொத்து 42,000 ரூபாய்.

கணவனுக்குப் பாதி, 21,000. சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 28,000. கணிப்பொறி கொஞ்சமும் கூசாமல் 42,000 ரூபாயில் 49,000 ரூபாயைப் பங்கிட்டுக் கொடுத்தது! வகுப்பே சிரித்தது. ஆனால் இதே கணக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன் வழக்காக வந்ததென்றும், தோழர்களோடு கலந்து ஆலோசித்து அன்னார் தீர்வு கண்டார்களென்றும் ஃபராயிள் நூல்கள் கூறும். ஆறு பங்கை ஏழாக விரித்து, குறைவை எல்லார்க்கும் விகிதப்படி பகிர்வதே அத்தீர்வு. ‘அவ்ல்’ என்பது அதன் பெயர். கணவனுக்கு 18,000, சகோதரி ஒவ்வொருத்திக்கும் 12,000. அம்மாணவி அதையும் நிரலில் சேர்த்தாள். கூட்டுத்தொகை சரியாக வந்தது.

“பிள்ளை, இறந்தவளுக்குக் கடன் இருந்தால்?” என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதே வாரிசுகளுக்குரியது. நிரலோ கடனைப்பற்றிக் கேட்கவேயில்லை. “நான் கேட்காததை அது எப்படிக் கேட்கும், ஹஜ்ரத்?” என்றாள்.

நேயர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவ்வகுப்பு நடந்தது என்பேன். இன்று கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதிலும், வேலைக்கு ஆட்களைத் தெரிவதிலும் கணிப்பொறி நிரல்கள் பங்கு கொள்கின்றன. அந்நிரல்களில் எந்தக் கேள்வி இடம்பெற வேண்டும், எது விடுபடலாம் என்று முடிவு செய்பவர்கள் மனிதர்களே. கேட்கப்படாத கேள்வியால் பாதிக்கப்படுபவன் அந்த அறையில் இருப்பதில்லை. கடன் கொடுத்தவனைப் போல வெளியில் நிற்கிறான். கேள்விகள் எழுதப்படும் மேசையருகே நம் பிள்ளைகளும் அமர வேண்டும். வெளியில் நிற்பவனை நினைக்கும் நெஞ்சோடு அமர வேண்டும்.

பெற்றோரில் இருவகையினரைக் காண்கிறேன். “பெண்பிள்ளைக்கு இயந்திர வேலை எதற்கு?” என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு விடையாக, மேலே சொன்ன மாணவியின் நிரலைக் காட்டுவேன். மற்றொரு சாரார், ஆறு வயதில் நிரல் எழுதினால் இருபது வயதில் கோடீஸ்வரன் ஆகலாம் என்ற விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்கிப் பணம் கட்டுவோர். இக்கல்வி செல்வத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. ‘ரோபோ’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகம் வழியாக உலகுக்கு வந்த அச்சொல், கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. பிள்ளையையே பணத்துக்கு ஊழியனாக்கிவிட்டு, அவனுக்கு ரோபோ செய்யக் கற்பிப்பதில் என்ன பயன்?

“2022-க்குப் பின் கணிப்பொறியே நிரல் எழுதித் தருகிறதே, இனிப் பிள்ளைகள் கற்பானேன்?” என்பார் மற்றும் சிலர். எழுதித் தரட்டும். 42,000-இல் 49,000 பங்கிடப்பட்டால் அதனைக் கண்டு நிறுத்துபவர் யார்? கடனைக் கேட்டாயா என்று வினவுபவர் யார்? விடை மலிந்த காலத்தில் விடையைச் சோதிக்கத் தெரிந்தவரின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்று ஜமாஅத்தார் மலைக்க வேண்டியதில்லை. இந்திய அரசின் அடல் ஆய்வகத் திட்டத்தில் 2016 முதல் பள்ளிகளுக்கு 20 இலட்சம் ரூபாய்வரை வழங்கப்பட்டுள்ளது; வாய்ப்புள்ள பள்ளிகள் அதனைப் பெறட்டும். வாய்ப்பில்லாத மக்தபுகளுக்கு ஒரு முற்றமும், ஒரு பெட்டி சாக்பீஸும், ஊரில் பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்மக்களுள் ஒருத்தியும் போதும். பழைய கணிப்பொறி ஒன்றிரண்டு பின்னால் வந்து சேரும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாளே முக்கோணம் போடச் சொல்லுங்கள். கோடு கோணலாகிப் பிள்ளைகள் விழிக்கும்போது, விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.