மாஸ்கோவில் மழை, விக்கிரமசிங்கபுரத்தில் குடை

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டுப் பாடப்புத்தகங்களுக்கெல்லாம் 'சோவியத் நாடு' இதழ்தான் அட்டை. வழுவழுவென்று கனத்த தாள். தூறலில் நனைந்தாலும் சட்டென்று கிழியாது. கணக்குப் புத்தகத்தின் மேல் டிராக்டர் ஓட்டும் பெண், அறிவியலின் மேல் விண்வெளி வீரர்கள், தமிழின் மேல் பனி மூடிய ஏதோ ஒரு நகரம். விக்கிரமசிங்கபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் பொதிகை மலையை மறைக்கிற மூட்டம். கால் புதையும்படி தரையில் வெள்ளையாகக் கிடக்கும் பனியை நான் முதலில் பார்த்தது அந்த அட்டையில்தான்.

அப்பாவுக்கு மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை. தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தில், அருவி நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தொடங்கிய ஆலை அது. ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. சங்கு ஊதியதும் வெளியே வருகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் வரிசையாகச் சங்கங்களின் கொடிக்கம்பங்கள். அப்பா இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த ஏ.ஐ.டி.யு.சி. சங்கம். தன் பிரிவு ஆட்களிடம் மாதச் சந்தா வசூலித்து நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு.

எங்கேயோ இருந்த ஒரு நாடு எங்கள் வீட்டுக்கு எப்படி இத்தனை பக்கத்தில் வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கடினம். புத்தகமாக வந்தது. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி எப்போதாவது ஊருக்கு வரும். அது வந்தால் எனக்குத் திருவிழா. மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள் நாலைந்து ரூபாய்க்குக் கிடைக்கும். தாளில் மையும் பசையும் கலந்த ஒரு மணம். ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது', பெரிய பிள்ளைகளுக்கு 'உண்மை மனிதனின் கதை'. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் என்ற மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களை அப்பா சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். குதிரை லாயத்தைச் செப்பனிட்டுப் பள்ளிக்கூடமாக்கி, குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக் கடக்க வைத்த கிர்கீஸிய வாத்தியார் துய்ஷேன் எனக்கு ரொம்ப வேண்டியவர். எங்கள் பக்கத்தில் கால்வாய் பெருகினால் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி அக்கரை சேர்த்தவர்கள் இருந்தார்கள். அதனால் அந்தக் கதை எனக்கு அயலாகவே தோன்றவில்லை.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழாக்கிய தொ.மு.சி. ரகுநாதன் திருநெல்வேலிக்காரர். எங்களுக்கு அடுத்த அம்பாசமுத்திரத்து நெசவாளர்களின் பசியை அவர் 'பஞ்சும் பசியும்' என்று எழுத, அது செக் மொழிக்குப் போனது. ஜாரின் வீழ்ச்சியைப் பாடிய பாரதி, 1918-ன் கடைசியில் கடையத்துக்கு வந்து குடியிருந்தார். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, நெல்லைச் சதி வழக்கில் வருடக்கணக்காகச் சிறையில் கிடந்தவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் இந்தப் பெயர்கள் புழங்காத நாள் குறைவு.

1991-ல் செய்தி என்றாலே பயமாக இருந்தது. ஜனவரியில் வளைகுடாவில் போர். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையானார். ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கிரிமியாவில் காவலில் வைத்துவிட்டு ஒரு குழு ஆட்சியைக் கைப்பற்றியது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் வருத்தம் இல்லை, தெம்பு வந்தது. திண்ணைக்கு வந்த தோழர்களில் ஒருவர், "இனி எல்லாம் சரியாயிரும் பாருங்க" என்றார். கோர்பச்சேவ் வீட்டை விற்கிறவர் என்ற எண்ணம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. தெருவில் இறங்கி டாங்கிகளை மறித்து நின்ற மாஸ்கோ மக்களைப் பற்றி அன்று அந்தத் திண்ணையில் யாரும் பேசவில்லை. மூன்றே நாளில் அந்த ஆட்சிப்பறிப்பு முறிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கம்யூனிஸ்ட் கட்சியின் செயல்பாட்டையே அங்கே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் லெனின்கிராடு பெயர் மாறியது. எங்கள் தெருவில் லெனின் என்று பெயர் வைக்கப்பட்ட பையன் ஒருவன் இருந்தான். "ஏல, ஒனக்கும் பேர மாத்தணுமாம்லா" என்று பையன்கள் அவனைப் படுத்தியெடுத்தார்கள். அவன் அழுதுகொண்டே போய் அவன் ஆச்சியிடம் சொல்ல, ஆச்சி விளக்குமாறோடு தெருவுக்கு வந்துவிட்டாள்.

டிசம்பர் 26 காலை. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஓய்ந்திருந்தது. ஏழே கால் மணிக்கு ஆகாசவாணி டெல்லிச் செய்தி. முந்தின இரவு கோர்பச்சேவ் பதவி விலகிவிட்டார், கிரெம்ளினில் செங்கொடி இறக்கப்பட்டது என்றார்கள். அப்பா முதல் ஷிப்ட் போகாத நாள். ரேடியோவை அணைக்காமல், அடுத்து வந்த நிகழ்ச்சியையும் அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பியை வைத்துவிட்டு, "யாரு தவறிட்டாவ?" என்று கேட்டாள். அப்பாவின் முகம் அப்படி இருந்தது. 69 வருடம் இருந்த நாடு என்று அவர் சொன்னார். ஒரு நாடு எப்படிச் சாகும், அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. துய்ஷேனின் பள்ளிக்கூடம் இனி எந்த நாட்டில் இருக்கும் என்று கேட்டேன். "அது கிர்கீஸியாலதாம்மா இருக்கும், எங்கயும் போவாது" என்றார்.

டீக்கடையில் வேறு மாதிரி. "என்ன அண்ணாச்சி, ஒங்க கடைய அடைச்சிட்டாவளாமே" என்று தொடங்கினார் ஒருவர். மாஸ்கோவில் மழை பெய்தால் இங்கே குடை பிடிக்கிறவர்கள் என்ற பழைய கேலி அன்று பலர் வாயில் வந்தது. அப்பாவோடு போயிருந்த நான் பெஞ்சில் பன்னைப் பிய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காகப் பேசியவர் ஒரு பழைய காங்கிரஸ்காரர். "71-ல பங்களாதேஷ் சண்டைல அமெரிக்கா கப்பல அனுப்பிச்சே, அப்ப நமக்குத் துணைக்கு வந்தது யாருவே? தெரியாம பேசாதீரும்" என்று அதட்டினார். எல்லா மேசையிலும் பேச்சு நின்றது.

அந்தக் கேலியை நான் இன்றும் ஏற்கவில்லை. அப்பாவும் அவர் தோழர்களும் பிடித்தது இந்த ஊர் மழைக்கான குடை. எட்டு மணி நேர வேலை, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் என்று எதைக் கேட்கப் போனாலும், தொழிலாளிகளின் அரசு என்று சொல்லிக்கொண்ட ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பு அவர்களுக்கு முதுகெலும்பாக இருந்தது. கூலிக்காரன் பிள்ளையும் நல்ல தாளில் அச்சிட்ட நல்ல கதையை வாசிக்கலாம் என்பதை அந்த வண்டிதான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. அந்த நாட்டில் கடைவாசல் வரிசைகளும் உழைப்பு முகாம்களும் இருந்தன. ஸ்டாலின் காலத்தில் ஆயிரமாயிரம் பேர் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என் புத்தக அட்டையில் அவை எதுவும் வரவில்லை. அந்த மறைப்பை என்னால் மன்னிக்க முடியாது. நம்பியவர்களுக்குச் செய்த துரோகம் அது. ஆனால் அப்பாவின் துக்கம் பொய்யில்லை. அந்த இரண்டையும் சேர்த்தே நான் சுமக்கிறேன்.

1992 பொங்கலுக்குச் சித்தியும் சித்தப்பாவும் ராதாபுரத்திலிருந்து வந்தார்கள். அதுவும் எங்கள் மாவட்டம்தான், அப்போது அதற்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். அதே செய்தி கடற்கரைப் பக்கம் எப்படி விழுந்தது என்பது சித்தப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டை நிறுவ 1988 நவம்பர் 20-ல் டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். செர்னோபில் நடந்து இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். 1989 மே நாளில் கன்னியாகுமரியில் நடந்த பேரணி துப்பாக்கிச் சூடு வரை போனது. இப்போது கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவருக்கு நாடே இல்லை. "கடக்கர ஊர்ல எல்லாம் பெருமூச்சு விடுதாவ அண்ணாச்சி. அணு உல வராதுன்னு சர்ச்சுல ஜெபமே நடந்துச்சாம்" என்றார் சித்தப்பா.

அப்பா வெகுநேரம் கரும்பைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அவங்க பயம் அவங்களுக்கு. பயப்படாதீங்கன்னு நாம எப்படிச் சொல்ல?" என்றார். தன் துக்கம் இன்னொருவருக்கு நிம்மதியாக இருப்பதைக் கோபமில்லாமல் கேட்டுக்கொண்ட அப்பாவை அன்றுதான் பார்த்தேன். 1998-ல் அதே உலைகளுக்காக ரஷ்யாவோடு புது ஒப்பந்தம் வந்தது. 2011-ல் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்தபோது, அந்தப் பொங்கல் பேச்சு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

புத்தக வண்டி பிறகும் வந்தது. ஆனால் மாஸ்கோவிலிருந்து புதிய புத்தகங்கள் வருவது நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். சென்னையில் அந்த ஜனவரியில் மார்க்சிஸ்ட் கட்சியின் 14-வது மாநாடு கூடி, உலகம் ஏன் இப்படிப் புரண்டது என்று விவாதித்தது. அப்பா வேறு கட்சி என்றாலும் அந்தச் செய்திகளைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார்.

அந்த மாதச் சம்பளம் போட்ட மறுநாள் சந்தா நோட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம், "ரஷ்யாவே இல்லேன்னு சொல்லுதாங்க. இன்னும் எதுக்குப்பா சந்தா?" என்று கேட்டேன்.

"சம்பள ஒப்பந்தம் முடியப் போவுதும்மா. அடுத்ததுக்கு நாமதான போயிப் பேசணும்" என்றவர், நோட்டை என் பக்கம் தள்ளினார். "கூட்டிப் பாரு, சரியா வருதான்னு."

கூட்டிப் பார்த்தேன். போன மாதம் கட்டியவர்கள் அத்தனை பேரும் இந்த மாதமும் கட்டியிருந்தார்கள்.