காதில் பாட்டு, காலில் பெடல்!

இரவு ஒன்பது மணிக்கு என் கைபேசி ஒலித்தால், அது யூட்ரெக்டிலிருந்து என் பெண்தான். மூன்று வருஷமாக இது வழக்கம். ஹாலந்தில் கோடைகாலத்தில் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் ஆபீஸிலிருந்து கிளம்பும் சமயம், இங்கே நான் சமையலறையை அலம்பிவிட்டு ஊஞ்சலில் வந்து உட்கார்ந்திருப்பேன். அரை மணி நேரம் பேசுவோம். பேச்சுக்குப் பின்னால் எப்போதும் 'உஷ்' என்று காற்று. நடுநடுவே 'ட்ரிங், ட்ரிங்' என்று மணி.

"அது என்னடி சத்தம்?" என்று கேட்டால், "சைக்கிள் அம்மா, இந்த ஊரே சைக்கிள்தான்" என்பாள். பஸ்ஸுக்கு நடந்து போகிறாள், பக்கத்தில் சைக்கிள்கள் போகின்றன என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவளும் ஒரு சைக்கிளின் மேல்தான் இருக்கிறாள் என்பதைச் சென்ற மே மாதம் அங்கே போய் இறங்கிய மறுநாள் என் கண்ணாலேயே பார்த்தேன்.

யூட்ரெக்ட் ரயில் நிலையத்தில் இறங்கியதுமே அந்த ஊரின் சங்கதி புரிந்துவிடுகிறது. நிலையத்தை ஒட்டி மூன்று தளங்களில் சைக்கிள் நிறுத்துமிடம். 12,500 சைக்கிள்கள்! 2019-ஆம் வருஷம் முழுவதும் கட்டித் திறந்தபோது உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. உள்ளே சைக்கிளை உருட்ட வேண்டாம், ஓட்டிக்கொண்டே போகலாம். எந்த வரிசையில் இடம் காலி என்று விளக்குப் பலகை சொல்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குக் காசு கிடையாது. நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பார்களே, அந்த ஞாபகத்தோடு போன எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் சாயங்காலம், "ஆபீஸ் விட்டு வருகிறபோது பிரேடென்பர்க் வழியாகத்தான் வருவேன், அங்கே நில்லுங்கள், சேர்ந்து காய்கறி வாங்கலாம்" என்று சொல்லியிருந்தாள். பிரேடென்பர்க் என்பது நகரத்தின் நடுவே, பெரிய சங்கீத மண்டபம் இருக்கும் இடம். செங்கல் நிறத்தில் தார் போட்ட சைக்கிள் பாதை. அதில் ஆறு வெள்ளம் மாதிரி ஜனங்கள்! முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளையும் ஒரு நாயையும் உட்கார்த்தி வைத்து ஒரு தாய். கைகோத்தபடி இரண்டு சைக்கிளில் ஓர் இளம் ஜோடி. அங்கே இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், பூங்கொத்தைக் கைப்பிடியில் செருகிக்கொண்டு என்னமாய்ப் பறக்கிறாள்! பாதிப் பேருக்குக் காதில் வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. பாட்டோ, பேச்சோ, அவரவர் பாடு.

அந்த வெள்ளத்தில் என் பெண் வந்தாள். சிரித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டு வந்தாள். நான் கையை ஆட்டினேன். பார்க்கவில்லை. ஐந்தடி தூரத்தில் என்னைக் கடந்தாள். "அடியே!" என்று கத்தினேன். நாலைந்து டச்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெற்றவள் திரும்பவில்லை.

பத்து நிமிஷம் கழித்து, "ஐயோ, மறந்தே போய்விட்டேன் அம்மா" என்று திரும்பி வந்தாள். யாரோடு பேசிக்கொண்டு போனாள் தெரியுமோ? சென்னையில் இருக்கும் அவளுடைய அப்பாவோடு! வழக்கமாக ஒன்பது மணிக்கு நான் பேசுவேன். நான் இங்கே வந்துவிட்டதால் அன்றைக்கு அவர் கூப்பிட்டிருக்கிறார்.

அது வரைக்கும் அந்தப் பேச்சின் ஒரு முனையில்தான் நான் இருந்திருக்கிறேன். மறு முனை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. ஆனால் அது சென்னையில் எங்கள் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி சாப்பிட்டு முடிந்ததும் மெள்ள ஆரம்பித்தேன். "இதற்கெல்லாம் இங்கே சட்டம் கிடையாதா?"

"உண்டு அம்மா. 2019 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது. அப்போதே 95 யூரோ அபராதம், அப்புறம் ஏற்றியிருக்கிறார்கள். நான் கையிலா பிடிக்கிறேன்? போன் பைக்குள் இருக்கிறது, காதில் இயர்போன். அதற்குத் தடை இல்லை."

உண்மைதான். டச்சுச் சட்டம் கையைத்தான் பார்க்கிறது. கைப்பிடியில் போனைத் தாங்கியில் மாட்டி வழி பார்த்தால்கூடக் குற்றமில்லை. பக்கத்துப் பிரான்சில் காதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அங்கே 2015 ஜூலை 1 முதல் இயர்போன் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினாலே 135 யூரோ. ஜப்பானில் 2024 நவம்பரில், போனைப் பிடித்தபடி ஓட்டுகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்றே சட்டத்தை இறுக்கினார்கள். ஆனால் மனசு எங்கே இருக்கிறது என்று பார்க்கிற போலீஸ்காரர் எந்தத் தேசத்திலும் இல்லையே!

அவள் தட்டுகளை எடுக்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

"இது எப்போது?"

முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். ஒன்றரை வருஷத்துக்கு முன், ஒரு நாள் பேச்சு நடுவில் அறுந்துபோயிற்று. "சார்ஜ் தீர்ந்துவிட்டது" என்று மறுநாள் சொன்னாள். நானும் நம்பினேன். சார்ஜ் தீரவில்லை. அங்கே தெருக்கள் சந்திக்கிற இடத்தில் தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருப்பார்கள். 'சுறாப் பற்கள்' என்று பெயர். பல்லின் கூர் யாரைப் பார்த்து இருக்கிறதோ அவர் நின்று வழிவிட வேண்டும். அன்றைக்குப் பற்கள் என் பெண்ணைப் பார்த்துத்தான் இருந்தன. அவள் கவனிக்கவில்லை. குறுக்கே வந்தவர் மணி அடித்தாராம், கத்தினாராம். இவள் காதில் விழவில்லை. காதில் நான் இருந்தேன்.

நான் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்டேன். அவளுக்கு நினைவிருந்தது. சாம்பார்ப் பொடியில் தனியா அதிகமாகிவிட்டதைப் பற்றி.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சனிக்கிழமை வில்ஹெல்மினா பூங்காவுக்குப் போனோம். பெரிய மரங்கள், நடுவே குளம், வாத்துகள். "நானும் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றேன். பள்ளிக்கூட நாளில் தஞ்சாவூர்த் தெருக்களில் ஓட்டியவள்தானே நான்! வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தோம். நம் ஊர் லேடீஸ் சைக்கிளில் புடவை சிக்காமல் பின் சக்கரத்துக்கு வலை போட்டிருப்பார்களே, அதே மாதிரி அங்கேயும் ஒரு மறைப்பு உண்டு. அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஆனால் பிரேக் கம்பியைத் தேடினால் காணோம்! பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்குமாம். பழக்கதோஷத்தில் நான் பெடலைப் பின்னால் சுற்றப் போக, வண்டி 'டக்'கென்று நின்று, என்னைப் புல்தரையில் இறக்கிவிட்டது.

கொஞ்சம் கை பழகினதும் ஒரு சோதனை செய்தோம். இரண்டு காதிலும் இயர்போனை வைத்து எம்.எஸ். பாட்டை ஓடவிட்டாள். ஆஹா, அந்த மரநிழலும் காற்றும் அந்தக் குரலும்! விமானத்தில் போகிற மாதிரி இருந்தது. அப்போது என் இடது தோளை உரசினாற்போல் ஒரு பையன் பறந்தான், ஏழு வயசிருக்கும். பின்னாலேயே அவன் அப்பா. இருவரும் மணி அடித்துக்கொண்டுதான் வந்தார்களாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கண் முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். முதுகுக்குப் பின்னால் பார்ப்பது காது அல்லவா?

அடுத்த சுற்றுக்கு ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். எந்தக் காது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹாலந்தில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. முந்துகிறவர்கள் இடப்பக்கமாக வருவார்கள். ஆகையால் இடது காது திறந்திருக்க வேண்டும், பாட்டு வலது காதுக்கு. நம் ஊரில் இது அப்படியே தலைகீழ். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். வலது காதைத்தான் திறந்து வைக்க வேண்டும். வெளிச் சத்தத்தை அமுக்கும் வசதி இப்போது பல இயர்போன்களில் இருக்கிறதே, ரயிலில் அது சொர்க்கம். சைக்கிளில் அதை நிறுத்திவிட வேண்டும். காதுத் துவாரத்தை அடைக்காமல் கன்னத்து எலும்பு வழியாகவே சத்தத்தை அனுப்புகிற கருவியும் வந்திருக்கிறது. என் பெண்ணின் தோழி ஒருத்தி அதைத்தான் மாட்டிக்கொள்கிறாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். மின்சார சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் எஞ்சின் சத்தமே இல்லாமல் வருவதால், இரண்டு காதும் திறந்திருந்தாலும் போதாதாம். திரும்புமுன் தோளுக்கு மேலே ஒரு தரம் பார்த்தே ஆக வேண்டும். பாட்டை வீட்டிலேயே வரிசைப்படுத்தி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நடுவழியில் மாற்றக் கையை விடக் கூடாது. பேச வேண்டுமென்றால் கையை நீட்டிச் சைகை காட்டி, பாதையை விட்டே இறங்கி நிற்க வேண்டும். பாதையிலேயே நின்றால் பின்னால் வருகிற முப்பது பேரும் டச்சு மொழியில் அர்ச்சனை செய்வார்கள்!

பாட்டுக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் உண்டென்று எனக்குப் பட்டது. பாட்டு நம் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. மெதுவாக வைத்தால் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு வருகிற மாதிரி வரும். நெரிசல் வந்தால் மறந்தும் போகலாம். அம்மா அப்படியா? "என்ன, பதிலையே காணோம்?" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவளுக்குத் தெருவும் தெரியும், வாயை மூடிக்கொள்வாள். ஊஞ்சலில் இருப்பவளுக்குச் சுறாப் பற்கள் தெரியுமா?

திரும்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், பழைய கால்வாய்க் கரையில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தலைக்கு மேலே டோம் கோபுரம், 112 மீட்டர் உயரம். 465 படி ஏற வேண்டும் என்றதும் நான் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டேன். அதன் மணிகளில் பலவற்றை 17-ஆம் நூற்றாண்டில் ஹெமொனி சகோதரர்கள் வார்த்தார்களாம். கால் மணிக்கு ஒரு தரம் அவை தாமாகவே ஒரு மெட்டை வாசிக்கின்றன. என் பெண் நின்று கேட்டாள்.

"மூன்று வருஷமாக இந்த வழியில் போகிறேன் அம்மா. இந்த மெட்டை இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்கிறேன்" என்றாள்.

அங்கேயே நேரத்தை மாற்றிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து, சைக்கிளைப் பூட்டி, மாடி ஏறின பிறகுதான் போன். அவளுக்கு ஆறு மணி என்றால் எனக்கு ஒன்பதரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எனக்குப் பத்தரையாகிவிட்டது. "இந்த நேரத்தில் தூங்காமல் என்ன?" என்று அவர் முணுமுணுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே தானும் விழித்திருக்கிறார்.

இப்போதெல்லாம் அவள் பேச்சுக்குப் பின்னால் காற்று இல்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. டம்ளரில் கரண்டி சுற்றுகிறது. நேற்று, சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு என்றாள். தனியாவைக் குறைத்து அரைத்து வைத்திருக்கிறேன்.