சொல்லக் கேட்டதும் சொன்னதாகக் கேட்டதும்

"நான் பாக்கத்தானுங்க ஐயா பணத்தை எண்ணிக் கொடுத்தாரு."

குச்சிக்கிழங்கு லோடுக்கான பணம் கைமாறியதா இல்லையா என்ற வழக்கில், ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் கூண்டில் நின்று சொன்ன வரி இது. விசாரணை தமிழில் நடந்தது, சாட்சியமும் தமிழிலேயே பதிவானது. ஆனால் வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குக் கிளம்பினால் இந்தத் தமிழ் போதாது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அதனால் கட்டுக்கட்டான சாட்சியங்களை ஆங்கிலமாக்க ராசிபுரம் போன்ற ஊர்களிலும் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் மேசைக்கு, இந்த வரி முதலில் வேறொருவர் கையால் ஆங்கிலமாகித்தான் வந்தது. 'பாக்க' என்ற சொல்லுக்கு 'டு சீ' என்று போட்டிருந்தார்கள். நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் பணத்தை எண்ணினார் என்று ஆகிவிட்டது பொருள். தற்செயலாக அங்கே நின்ற மனிதர், ஏற்பாடு செய்து நிறுத்தப்பட்ட சாட்சியாகிவிட்டார்.

விவசாயி சொன்னது அதுவல்ல. அவர் கண்ணெதிரே பணம் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். 'என் கண் பார்க்க', 'ஊரே பார்க்க' என்று நாம் தினமும் சொல்கிறோம். அந்தப் 'பார்க்க'வில் நோக்கம் எதுவும் இல்லை. நடந்து முடிந்த ஒரு காரியத்தின் பக்கத்தில் நடந்து முடிந்த இன்னொரு காரியம் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம்தான் இது. நன்னூல் பன்னிரண்டு வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லி, 'செய'வை நிகழ்காலத்தின் கணக்கில் வைக்கிறது. ஆனால் தமிழாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் உதாரணங்களை அடுக்கிப் பார்த்தால், அது மூன்று காலத்துக்கும் வருவது தெரியும். 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் மழை முன்னால் பெய்து முடிந்தது. 'ஞாயிறு பட வந்தான்' என்றால் இரண்டும் ஒரே வேளை. 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் விளைச்சல் பின்னால் வருவது. எச்சத்தின் உருவம் மாறவே இல்லை. காலத்தை நமக்குச் சொல்வது பக்கத்திலிருக்கும் வினையும் உலக அனுபவமும்தான்.

ஆங்கிலத்தின் 'டு' போட்ட வினையும் இப்படிப்பட்டதே. அதற்கென்று சொந்தமாகக் காலம் கிடையாது. தமிழ் மாணவர்களுக்கு இதை எடுத்த எடுப்பில் சொல்லாமல், 'டு' வந்தால் 'செய்வதற்காக' என்று மட்டும் பழக்கிவிடுகிறோம். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

நீதிமன்றக் காகிதங்களுக்கு வருவதற்கு முன் இந்த மொழிபெயர்ப்பாளர் மாலை வேளைகளில் டுட்டோரியலில் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். வருடா வருடம் இடறிய இடம் ஒன்றை இன்னும் சொல்வார். 'ஹி ரிட்டர்ன்ட் ஹோம் ஒன்லி டு ஃபைண்ட் தி டோர் ஓபன்.' பெரும்பாலான நோட்டுகளில், 'கதவு திறந்திருப்பதைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் அவன் வீடு திரும்பினான்' என்று இருக்கும். உண்மையில் அங்கே நோக்கமே இல்லை. வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது! தமிழில் அந்த 'வந்து பார்த்தால்' என்ற இரண்டு சொல்லும், கூடவே வரும் திடுக்கிடலும்தான் 'ஒன்லி டு ஃபைண்ட்'. அதேபோல 'ஷி லிவ்ட் டு சீ ஹெர் கிராண்ட்சன்' என்பதைப் 'பேரனைப் பார்க்க வாழ்ந்தாள்' என்று எழுதினால் சப்பென்று போய்விடும். பேரனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிழவி போய்ச்சேர்ந்தாள். பார்த்தது நடந்துவிட்டது, அந்த நிறைவு மொழிபெயர்ப்பிலும் வந்தாக வேண்டும்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ராசிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நெய்யும் ஜவ்வரிசியும்தான் நினைவுக்கு வரும். ஆர்.கே. நாராயணின் பெயரில் முதலில் நிற்கும் 'ஆர்' இந்த ஊர்தான். 1906-இல் சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்த அவர் 1945-இல் ஓர் ஆங்கில ஆசிரியரை நாயகனாக வைத்து 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலை வெளியிட்டார். தமிழ்க் காது உள்ளே இருக்க ஆங்கிலம் இயல்பாக வரும் என்பதற்கு அவரைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

அந்தக் காதை நம்பினால் கைகொடுக்கும் என்பதே இந்த மொழிபெயர்ப்பாளரின் அனுபவம். 'பில் கட்ட மறந்துட்டேன்', 'பில் கட்டினதை மறந்துட்டேன்'. இந்த இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். முதலாவதில் பணம் கட்டவே இல்லை. இரண்டாவதில் கட்டியாயிற்று, நினைவில்தான் இல்லை. ஆங்கிலத்திலும் 'ஃபர்காட் டு பே' என்றால் கட்டவில்லை, 'ஃபர்காட் பேயிங்' என்றால் கட்டியாயிற்று. 'கட்ட' இருக்கும் இடத்தில் 'டு' வருகிறது, 'கட்டினதை' இருக்கும் இடத்தில் 'இங்' வருகிறது. கடன் வழக்கில் இந்த ஒரு சொல் மாறினால் தீர்ப்பே மாறலாம்.

ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்து யோசிக்கும் இடம் வேறு. 'அவர் சொல்லக் கேட்டேன்', 'அவர் சொன்னதாகக் கேட்டேன்'. பேச்சில் இரண்டும் அருகருகே புழங்குகின்றன. முதலாவதில் சாட்சி அந்த இடத்தில் இருந்தார், குரல் அவர் காதில் விழுந்தது. இரண்டாவதில் நடுவே இன்னொரு வாய் இருக்கிறது. 1872-ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. காதால் கேட்கக்கூடிய விஷயமென்றால் தன் காதால் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. ஆகவே 'சொல்ல'வுக்கும் 'சொன்னதாக'வுக்கும் நடுவில் இருப்பது வெறும் இலக்கண வேறுபாடு அல்ல.

ஆங்கிலம் இதற்கு இரண்டு கதவுகள் வைத்திருக்கிறது. நேரே கேட்டதற்கு 'ஐ ஹேர்ட் ஹிம் சே'. 'டு' கூட இல்லாத வெறும் வினை, நம் 'சொல்ல' போலவே. பார்த்ததற்கும் அப்படித்தான். 'ஐ சா ஹிம் கவுண்ட் தி மணி' என்றால் எண்ணி முடித்தது வரை பார்த்தேன். 'கவுண்டிங்' என்றால் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், முடித்தாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான். வாக்கியத்தைச் செயப்பாட்டுக்கு மாற்றினால் விட்டுப்போன 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஹி வாஸ் சீன் டு கவுண்ட்'.

இரண்டாவது கதவு 'டு ஹேவ்'. 'ஹி இஸ் செட் டு ஹேவ் பெய்ட்': கொடுத்ததாகச் சொல்கிறார்கள். சொல்வது இன்று, கொடுத்தது என்றோ. அந்த 'ஹேவ்' விழுந்துவிட்டால் 'ஹி இஸ் செட் டு பே', அதாவது கொடுக்கிற வழக்கமுள்ளவர் என்றாகிவிடும். தமிழ் இந்த வேலையைக் 'கொடுத்ததாக', 'கொடுப்பதாக' என்று ஒரே சொல்லின் வயிற்றுக்குள் முடித்துவிடுகிறது. நம் மொழி இதில் சிக்கனமானது என்று அவர் பெருமையோடு சொல்வார், அது நியாயமான பெருமை.

இதே 'ஹேவ்' நடக்காமல் போனதற்கும் வரும். 'ஹி வாஸ் டு ஹேவ் கம்': வந்திருக்க வேண்டியவர், வரவில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறது, இன்னோரிடத்தில் நடக்காததைச் சொல்கிறது. முன்னால் நிற்கும் வினையைப் பார்க்காமல் 'ஹேவ்' மேல் கைவைக்கக் கூடாது என்று தன்னிடம் டைப் செய்யும் பெண்ணுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

"அப்ப இந்தப் 'பாக்க'வுக்கு என்னதான் போடறதுங்க சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். 'ஐ சா ஹிம் கவுண்ட் தி மணி அண்ட் ஹேண்ட் இட் ஓவர்' என்று அவர் சொல்லச் சொல்ல, டைப் ஆனது. 'தான்' என்ற அழுத்தத்துக்கு ஆங்கிலத்தில் இடம் கிடைக்கவில்லை. பிரதியின் ஓரத்தில் விவசாயியின் வரியை அவர் பேசியபடியே தமிழில் பென்சிலால் எழுதி, வக்கீல் பார்க்கட்டும் என்று கீழே ஒரு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்தில் அதே சாட்சி, 'ஊரே பாக்க' என்று தொடங்கியிருந்தார்.