நினைவில் எழுந்த சித்திரம்

சில சித்திரங்கள் பயணம் முடிந்த பின்னரே பிறக்கின்றன. 1829ஆம் ஆண்டு ஜனவரியில், இத்தாலியிலிருந்து திரும்பிய ஆங்கில ஓவியர் டேர்னரின் வண்டி, பிரான்சின் தரார் மலையிற் பனிக்குள் அகப்பட்டது. அந்நினைவை அவ்வாண்டே நீர்வர்ணத்தில் தீட்டிய அவர், தீயைச் சூழ்ந்து குளிர்காயும் பயணிகளிடையே தம்மையும் அமர்த்திக்கொண்டார்.

நாமும் ஒரு தை மாதத்து வைகறையில், நுவரெலியாவிற் புல்நுனிகளில் வெண்பனி உறைந்திருக்கக் கண்டோம். உடன் வந்த அன்னையார் மறைந்த பின்னரே அக்காட்சியைத் தீட்ட அமர்ந்தோம். மலைகளின் வடிவம் நினைவில் மங்கியிருந்தது. தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்து, நடுங்கியவாறே நகைத்த அவர் முகமே தாளில் எழுந்தது. பனி ஓரத்தில் ஒதுங்கிற்று.

எம் பிள்ளைகளுக்கு அது பனிக்காலச் சித்திரமன்று, “அப்பாச்சி குளிர்காயும் படம்.” அப்பெயரையே நாமும் அடியில் எழுதினோம்.