உள்துணி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு நாள்தோறும் வைகறையில் மோட்டார் சைக்கிளில் பணிக்குச் செல்லும் என் மகன், ஆட்டுத்தோலில் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தான். லைனிங்குக்கு எந்தத் துணி என்று தையற்காரர் கேட்டதும் அவன் கை தூய பட்டின்மீது சென்றது. "உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள், அத்தா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அரபியில் உள்துணிக்குப் 'பிதானா' என்று பெயர். நெஞ்சுக்கு நெருங்கிய தோழரையும் அச்சொல்லே குறிக்கும். 'அர்ரஹ்மான்' அத்தியாயம் சுவனத்து விரிப்புகளைப் பேசுகையில், மேற்புறத்தை விடுத்து, உட்புறம் கனத்த பட்டு என்பதையே கூறுகிறது. அந்தப் பட்டு மறுமைக்குரியது. இம்மையில் ஆடவர்க்கு ஆடையின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் வரையே அதற்கு இடமுண்டு. இதையெல்லாம் ஓதிக்கொடுக்கும் நான், என் நிக்காஹ் ஷெர்வானியின் உட்புறம் பட்டென்று அறிந்தும் அன்று வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் மறைத்ததை அந்தக் கடையிலேயே மகனிடம் சொன்னேன். அவன் பட்டை மடித்து வைத்தான்.

பிறகு தையற்காரர் விளக்கினார். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. கடற்கரைப் புழுக்கத்துக்கு ஆகாது. பருத்தி உறிஞ்சும், ஆனால் கைப்பகுதியில் சட்டையைப் பற்றி இழுக்கும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் வழுக்கும், ஈரத்தையும் வாங்கும். 'செயற்கைப் பட்டு' என்று வழங்கினாலும் அது புழு நூற்றதன்று, ஆகவே தடையுமில்லை. உடலுக்குப் பருத்தி, கைகளுக்கு விஸ்கோஸ் என்று முடிவாயிற்று.

பெட்டியில் கிடந்த என் ஷெர்வானியையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன், உள்துணியை மாற்றுவதற்காக.